ரசிகர் எழுதிய துப்பறியும் கதைக்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். அப்பா வாரப் பத்திரிகைகளில் இருந்து கிழித்தெடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவன். அதில் வரும் ஒரு துப்பறிவாளரும் அவருடைய உதவியாளரும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. எழுதியவர் காலமாகிப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. இனி புதுக் கதை வராது என்ற ஏக்கத்தில், அந்த இருவரையும் வைத்து நானே 11 கதைகள் எழுதி ஒரு செயலியில் இலவசமாகப் போட்டேன். நல்ல வரவேற்பு. நண்பர்கள் சொன்னார்களே என்று போன வருடம் அவற்றை 99 ரூபாய்க்கு மின்நூலாக வெளியிட்டேன், 100 பிரதி அச்சடித்தும் விற்றேன். கையில் வந்தது மொத்தம் 18,400 ரூபாய். முதல் பக்கத்திலேயே, 'இது ஒரு ரசிகனின் காணிக்கை. பாத்திரங்களின் உரிமை மூல ஆசிரியருக்கே. பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை' என்று போட்டிருக்கிறேன். இப்போது அவருடைய நூல்களை வெளியிடும் பதிப்பகத்திடம் இருந்து வக்கீல் நோட்டீஸ். ஏழு நாளில் எல்லாவற்றையும் நீக்க வேண்டும், 10 லட்சம் நஷ்ட ஈடு தர வேண்டும், குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தவறினால் போலீஸ் புகார் என்கிறார்கள். நான் திருடிவிட்டேனா? ஜெயிலா? பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? அப்பாவுக்காக 12-வது கதை பாதியில் நிற்கிறது, அதையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: எழுத்தாளர், பதிப்பகம் இரண்டின் பெயரையும் உங்கள் கடிதத்தில் இருந்து நானே எடுத்துவிட்டேன். நோட்டீஸின் நகலைப் படித்தேன். மூன்று இடத்தில் 'காப்புரிமை' என்று இருக்கிறது. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. கதைக்கு உள்ளது பதிப்புரிமை. வார்த்தையில் தவறிவிட்டார்கள் என்பதற்காக நோட்டீஸைக் குப்பையில் போட முடியாது. அதே சமயம், அதில் எழுதியிருப்பதெல்லாம் வேதவாக்கும் இல்லை.

முதலில் வருடக் கணக்கு. நம் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1-ல் தொடங்கி 60 வருடம் உரிமை நீடிக்கும். துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் 1957-ல் காலமானார். 2017 முடிவோடு அவருடைய எழுத்தின் உரிமைக்காலம் தீர்ந்துவிட்டது. சாம்புவுக்கு இன்று நீங்கள் எத்தனை புது சாகசம் வேண்டுமானாலும் எழுதலாம், விற்கவும் செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம். (கதைக்குப் படம் வரைந்த ஓவியரின் உரிமை தனிக் கணக்கு, பழைய படத்தை அப்படியே எடுத்து அட்டையில் போடாதீர்கள்.) ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயமும் அப்படித்தான், அமெரிக்காவில் மிச்சமிருந்த கடைசிச் சில கதைகளின் உரிமையும் 2023 ஜனவரி 1-ஆம் தேதியோடு போய்விட்டது. ஆனால் சுஜாதா இறந்தது 2008-ல். அவருடைய துப்பறியும் ஜோடி கணேஷ்-வசந்த் 2068 முடியும் வரை வாரிசுகளின் சொத்து. வங்காளத்தில் ஃபெலுடா என்ற துப்பறிவாளரை எழுதிய சத்யஜித் ராய் 1992-ல் இறந்தார், ஆக 2052 முடியும் வரை. உங்கள் எழுத்தாளர் இறந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. இந்த வாசல் உங்களுக்கு மூடியிருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு வாசலும் உண்டு: நாட்டுடைமை. தமிழக அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு ஒரு எழுத்தாளரின் நூல்களைப் பொதுச் சொத்தாக்கிவிடும். அப்படி ஆகியிருந்தால் அவர் நேற்று இறந்திருந்தாலும் கவலை இல்லை. உங்கள் எழுத்தாளர் அந்தப் பட்டியலில் இல்லை, பார்த்துவிட்டேன்.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். நீங்கள் அவருடைய ஒரு வரியைக்கூட நகலெடுக்கவில்லை. கொலை உங்களுடையது, கொலைகாரன் உங்களுடையவன், துப்பு துலங்கும் விதமும் உங்களுடையது. எடுத்துக்கொண்டது இரண்டு மனிதர்களை மட்டும்தான். ஒரு கதாபாத்திரத்துக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டா?

நம் சட்டத்தில் 'கதாபாத்திரம்' என்று தனி இனமே கிடையாது. எல்லாம் தீர்ப்புகளில் இருந்து வந்ததுதான். 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது: கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆள் 'இது அதன் நகல்தான்' என்று சந்தேகமில்லாமல் உணர்ந்தால்தான் மீறல். இதன்படி, 'கறாரான மூத்த துப்பறிவாளர், வாயாடி இளையவர்' என்ற ஜோடி யாருடைய வீட்டுச் சொத்தும் அல்ல. பாதித் துப்பறியும் இலக்கியம் அந்த ஜோடியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பெயர், தொழில், பேச்சு வழக்கு, பழக்கங்கள், பழைய காதல், அலுவலகம் இருக்கும் தெரு என்று சேர்த்துச் செதுக்கிய ஒரு ஆளை அப்படியே தூக்கி வந்தால் கதை வேறு. 1997-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகனின் பதிப்பாளருக்குச் சாதகமாக, 'நாகேஷ்' என்ற போட்டி நாயகனுக்குத் தடை விதித்தது. இத்தனைக்கும் அங்கே பெயர்கூட மாறியிருந்தது. 2016-ல் 'தபங்' இந்திப் படத்தின் நாயகன் சுல்புல் பாண்டே பாத்திரம் பற்றிய வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், தனித்தன்மையுள்ள பாத்திரம் பாதுகாப்புக்கு உரியது என்ற பொதுக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வழக்கில் தடை கொடுக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது இவற்றில் தெரிகிறது. நீங்கள் பெயரைக்கூட மாற்றவில்லை. அட்டையில் மூல ஆசிரியரின் பெயரைப் பெரிதாகவும் உங்கள் பெயரைச் சிறிதாகவும் வேறு போட்டிருக்கிறீர்கள். பக்தி புரிகிறது. ஆனால் வாங்குபவர் 'அவருடைய வெளிவராத கதையோ' என்று நினைக்க அது இடம் கொடுக்கிறது. என் கணிப்பு: மின்நூலுக்கும் அச்சுப் பிரதிக்கும் இடைக்காலத் தடை கேட்டால், பெரும்பாலும் கிடைத்துவிடும். விற்காமல் மிச்சமிருக்கும் பிரதிகளையும் அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லலாம்.

'இலவசமாகப் போட்டதற்குமா?' என்பீர்கள். இலவசம் என்பது விலக்கு இல்லை. விலக்குகள் 52-வது பிரிவில் இருக்கின்றன: சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவை. ரசிகர் கதை என்று ஒன்று அதில் இல்லை. விமர்சனம் என்ற கதவு மட்டும் நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அகலம். மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் வழக்கில், மூல நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்தாண்டிருந்தும், நோக்கம் மூலத்தை விமர்சிப்பது என்பதால் 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை அனுமதித்தது. உங்கள் 7-வது கதையில், மூலத்தில் காபி மட்டும் கொண்டுவரும் அந்த அலுவலகப் பெண் 'முப்பது வருஷமா என்னை ஏன் சார் ஒரு கேஸுக்கும் கூட்டிட்டுப் போகலை?' என்று கேட்கிறாள் இல்லையா, அந்த ஒன்றுக்கு வேண்டுமானால் இந்த வாதத்தை நான் துணிந்து வைப்பேன். (நல்ல கதை அது.) மற்ற பத்துக்கும் வைக்க முடியாது.

இப்போது அந்த முதல் பக்க வாசகம். உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்துப் போட்டீர்கள். எனக்கு இந்த நோட்டீஸைவிட அதுதான் கவலை தருகிறது. பதிப்புரிமை இருப்பதே தெரியாமல் மீறியவர் மீது சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டும்: தடை உண்டு, லாபத்தில் பங்கு உண்டு, அதற்கு மேல் நஷ்ட ஈடு என்று போகாது. குற்றவியல் பிரிவான 63-லும் 'தெரிந்தே' மீறினால்தான் குற்றம். 'உரிமை மூல ஆசிரியருக்கே' என்று நீங்களே அச்சடித்து வைத்தால், தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? எதிர்த்தரப்பு வக்கீல் தேடி அலைய வேண்டிய சாட்சியத்தை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிட்டீர்கள்.

ஜெயில் பயத்துக்கு நேரான பதில். 63-வது பிரிவில் தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் காரணம் எழுதி இதைவிடக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதை ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத (கோர்ட் மனது வைத்தால்தான் கிடைக்கும்), போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று சொல்லிவிட்டது. ஆகவே மிரட்டலை வெறும் பேச்சு என்று ஒதுக்க மாட்டேன். புகார் போய்விட்டது என்று காதில் விழுந்தால் அன்றைக்கே முன்ஜாமீனுக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். கதையே புதிதாக இருக்கும்போது, 18,400 ரூபாய்க்காக ஒரு ரசிகரை உள்ளே தள்ளும் அளவுக்கு இது போகும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம், நோட்டீஸ் அனுப்பியது யார்? பதிப்பகம். பதிப்பகம் புத்தகம் போடுகிறது என்பதாலேயே உரிமையாளர் ஆகிவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான் (இது 1994 திருத்தத்தில் வந்த விதி, அதற்கு முந்தைய ஒப்பந்தம் என்றால் வேறு மாதிரி பார்க்க வேண்டும்). தமிழ்ப் பதிப்புலகில் வாய்வார்த்தையிலும், ராயல்டி கொடுத்த ஒரு வவுச்சரிலும் ஓடிக்கொண்டிருக்கும் 'ஒப்பந்தங்கள்' எத்தனை என்று எனக்குத் தெரியும். புத்தகம் அச்சிட மட்டும் அனுமதி வாங்கியவர், பாத்திரங்களை வைத்து யார் எழுதலாம் என்று சொல்ல முடியாது. அது வாரிசுகளின் கையில் இருக்கும். கேரளத்தில் போபனும் மோளியும் என்ற கார்ட்டூன் பாத்திரங்களுக்காகப் பத்திரிகை நிறுவனத்துக்கும் அதை வரைந்தவருக்கும் நடந்த சண்டையில், வேலைக்குச் சேரும் முன்பே அவற்றைப் படைத்திருந்த ஓவியர்தான் ஜெயித்தார். ஆகவே பதில் நோட்டீஸில் முதல் கேள்வி: உங்கள் உரிமைக்கு ஆதாரமான ஒப்பந்தத்தின் நகலை அனுப்புங்கள்.

உரிமை உள்ளவர்களும் அளவுக்கு மீறிக் கேட்பதுண்டு. அமெரிக்காவில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் வாரிசு நிறுவனம் 5,000 டாலர் லைசென்ஸ் கட்டணம் கேட்டது. தொகுப்பாசிரியர் பணம் கட்டாமல் கோர்ட்டுக்குப் போனார். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததோடு, அவருக்கான வக்கீல் செலவாக 30,000 டாலருக்கு மேல் அந்த நிறுவனமே கட்ட வேண்டும் என்றது. நம் சட்டத்திலும் 60-வது பிரிவில், ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீது எதிர்வழக்குப் போடலாம். பதிப்பகத்திடம் ஒப்பந்தமே இல்லை என்று தெரிந்தால் இதைப் பயன்படுத்துவோம். இப்போதே அதைச் சொல்லி வீரம் காட்ட வேண்டாம். வாரிசுகள் வழக்கில் சேர்ந்துவிட்டால் அது கரைந்துவிடும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மின்நூலையும் அச்சுப் பிரதி விற்பனையையும் இன்றே நிறுத்துங்கள். தேடுசொற்களில் எழுத்தாளர் பெயரைப் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். செயலியில் உள்ள இலவசக் கதைகளை மறைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். எழுதிய தேதி, வாசகர் எண்ணிக்கை எல்லாம் உங்களுக்குச் சாட்சி. பிறகு ஒரு வக்கீல் மூலம், ஏழு நாளுக்குள், 'எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி' விற்பனையை நிறுத்திவிட்டோம் என்று பதில் அனுப்புங்கள். வந்த வருமானம் இவ்வளவு என்று கணக்கும் இணைக்கத் தயார் என்று சொல்லலாம். கணக்கர் உங்களுக்கு அது கஷ்டமா என்ன? 10 லட்சம் எப்படி வந்தது என்று அவர்களிடம் விளக்கம் கேளுங்கள். அந்த மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 'தெரிந்தே குற்றம் செய்தேன்' என்ற வாசகம் அதில் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. இனி அந்தப் பாத்திரங்களை வைத்து அனுமதியின்றி வெளியிட மாட்டேன் என்று ஒரு உறுதிமொழி, அதுவும் நாம் எழுதிய வாசகத்தில், அவ்வளவு போதும்.

வாரிசுகளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள் என்றும் சொல்வேன். அகதா கிறிஸ்டியின் குடும்பத்தார் அவருடைய துப்பறிவாளர் பொய்ரோவை வைத்துப் புது நாவல் எழுத வேறொரு எழுத்தாளருக்கு அனுமதி கொடுத்தார்கள். 2014 முதல் அவை வந்துகொண்டிருக்கின்றன. தமிழில் அப்படி நடக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. கேட்பதற்கு ஒரு தபால் தலைதான் செலவு.

அனுமதி கிடைக்கவில்லை என்றால், பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நாகேஷுக்கு நடந்ததைச் சொன்னேனே. அந்தப் புருவம் உயர்த்தும் பழக்கம், மவுண்ட் ரோடு அலுவலகம், ஒவ்வொரு கதையிலும் வரும் அந்த ஒரே கேலி வசனம், எல்லாம் போக வேண்டும். உங்கள் துப்பறிவாளர் ஈரோட்டுக்காரராகட்டும். ஜவுளிச் சந்தையும் மஞ்சள் மண்டியும் தெரிந்த ஒருத்தர். உங்கள் 11 கதைகளின் முடிச்சுகளும் உங்கள் சொத்து, அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 4-வது கதையில் தராசை வைத்துக் கொலைகாரனைப் பிடிக்கும் இடத்துக்கு அந்தப் பழைய ஜோடி தேவையே இல்லை, படித்துப் பாருங்கள்.

அப்பாவுக்கான 12-வது கதையைத் தாராளமாக முடியுங்கள், பழைய பெயர்களோடேயே. வீட்டுக்குள் படிப்பது சொந்த உபயோகம், சட்டம் அதில் தலையிடாது. பெரிய எழுத்தில் ஒரு பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட வேண்டாம். அதில் எத்தனை சித்தப்பாக்கள் இருக்கிறார்கள், யாருக்கு ஃபார்வர்டு செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியாது.