எத்தனை கொத்து?

அன்புள்ள ஐயா,

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. என் மகள் புதுச்சேரியில் புள்ளியியல் முதுகலை படிக்கிறாள். ஒரு திட்டப்பணிக்காக நோயாளிகளின் பத்து அளவுகளை (சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவை) கணினியில் போட்டு, 'மாதிரி சார்ந்த கொத்தாக்கம்' செய்தாள், அதாவது ஒத்த நோயாளிகளைக் கூட்டங்களாகப் பிரிக்கும் ஒரு கணக்கு. மூன்று கொத்து வந்தது. "நோயாளிகள் மூன்று வகைம்மா" என்கிறாள். அந்த மூன்றும் முன்பே தரவுக்குள் இருந்தனவா, பிரிக்கச் சொன்னதால் கணினி பிரித்துக் கொடுத்ததா? கேட்டால், "பி.ஐ.சி. மூணுன்னுதான் சொல்லுது" என்கிறாள். யார் அந்த பி.ஐ.சி.?

எஸ்., கடலூர்

அன்புள்ள டீச்சர்,

பி.ஐ.சி. ஆள் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் நண்டு.

சில வருடங்களுக்கு முன் முதுநகர்த் துறைமுகத்தில், மீன் விற்கும் ஓர் அக்காவிடம் கெஞ்சி, அவர் கூடையிலிருந்த நீலக்கால் நண்டுகளின் ஓட்டு அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். நூற்றுச் சொச்சம் இருக்கும். (வியாபார நேரம். ஒரு கிலோ வாங்கிய பிறகுதான் தொட விட்டார்.) வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தால் அழகாக இரண்டு மேடு. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுவாரம் போய்ப் பெருமையாகச் சொன்னபோது அக்கா ஒரு நண்டைப் புரட்டிப் போட்டார்.

"ஆணு பொண்ணு பாக்க ஸ்கேல் எதுக்கு சார்? வயித்து மடிப்பு கூரா இருந்தா ஆணு, அகலமா இருந்தா பொண்ணு. நீங்க அளந்ததுல ரெண்டும்தான் கலந்து கெடந்துச்சு. சின்னதெல்லாம் நாட்டுப்படகு, பெருசு விசைப்படகு. வலைக்கண்ணே வேற."

இரண்டு மேடு இருந்தது சரிதான். அதற்கு நான் வைத்த பெயர்தான் தப்பு.

இந்தத் துறையே நண்டில் தொடங்கியது என்பது வேடிக்கை. வெல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் நேப்பிள்ஸ் கடற்கரை நண்டுகள் ஆயிரத்தை அளந்தார். மற்ற அளவுகள் ஏறக்குறைய மணி வடிவத்தில் அமைந்தன, நெற்றி அகலம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. 1894இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் அந்தச் சாய்ந்த வளைவை இரண்டு மணி வளைவுகளின் கலவை என்று வைத்துப் பிரித்துக் காட்டினார். அதற்கு அவர் ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது, கையால்! இருபடிச் சமன்பாட்டுக்கே பிள்ளைகள் எப்படி முழிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு சிக்கல். இயல்பிலேயே சாய்ந்த ஒரே கூட்டத்தையும் இரண்டு மணிகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம். வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு இனம் என்று சொல்ல முடியாது.

இன்று அந்தப் பிரிப்பை இ.எம். (எக்ஸ்பெக்டேஷன்-மேக்ஸிமைசேஷன்) முறை செய்கிறது; உங்கள் மகளின் மாதிரி சார்ந்த கொத்தாக்கமும் இதுதான். அதற்குப் பொது வடிவம் கொடுத்தவர்கள் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூவரும், 1977இல். முதலில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணிகளை வைக்கிறோம். ஒவ்வொரு நண்டும் எந்த மணிக்கு எவ்வளவு சேரும் என்று பங்கு பிரிக்கிறோம்: இது 0.9 அங்கே, 0.1 இங்கே. அந்தப் பங்குகளை எடையாக வைத்து சராசரியையும் பரவலையும் திரும்பக் கணக்கிட்டு, மணிகளை நகர்த்துகிறோம். மறுபடி பங்கு, மறுபடி நகர்த்தல். ஒவ்வொரு சுற்றிலும் பொருத்தம் கூடுமே தவிரக் குறையாது. ஆனால் பக்கத்திலிருக்கும் சின்னக் குன்றில் ஏறி, அதுதான் மலை என்று நின்றுவிடக்கூடும். அதனால் வேறு வேறு இடத்தில் தொடங்கிப் பார்க்க வேண்டும். உங்கள் மகள் பார்த்தாளா?

எனக்கு இந்த முறையில் பிடித்ததே அந்தப் பங்குதான். எல்லோரும் பழகிய கே-மீன்ஸ் என்ற இன்னொரு கொத்தாக்க முறை ஒவ்வொரு புள்ளியையும் ஏதோ ஒரு கொத்தில் முழுசாகத் தள்ளிவிடும், தயக்கமே கிடையாது. எல்லாக் கொத்தும் ஒரே அளவில் உருண்டையாக இருக்கும் என்று அது உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பதும் வெளியே தெரியாது. மாதிரி சார்ந்த முறை, ஒவ்வொரு கொத்தும் மணி வடிவம் என்ற தன் ஊகத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நாம் சண்டை போட வசதி.

சரி, பி.ஐ.சி. 1978இல் கிடியன் ஷ்வார்ஸ் என்ற புள்ளியியலாளர் கொடுத்த அளவுகோல் அது, பேயஸிய தகவல் அளவுகோல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பொருத்தம் ஏறிக்கொண்டே போகும், அதைத் தடுக்க ஒவ்வொரு பண்பளவைக்கும் (தரவிலிருந்து கணக்கிட வேண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும்) ஓர் அபராதம் போடுகிறது. உங்கள் மகளின் கணக்கையே பாருங்கள். பத்து அளவு, மூன்று கொத்து. சராசரிகள் 30, பரவலும் உறவும் சேர்த்துக் கொத்துக்கு 55 வீதம் 165, கலவை விகிதம் 2, ஆக 197 எண்கள். நோயாளிகள் இருநூறு பேர்தான் என்றால் ஆளுக்கு ஓர் எண்! அதனால்தான் பான்ஃபீல்டும் ராஃப்டரியும் 1993இல் கொத்துகளின் பருமன், வடிவம், திசை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தி எண்களைக் குறைக்க வழி சொன்னார்கள். எம்கிளஸ்ட் மென்பொருளில் இப்படி 14 வகை மாதிரிகள் இருக்கின்றன. அவள் எதை எடுத்தாள் என்று கேளுங்கள்.

பி.ஐ.சி. 'மூன்று' என்றால், இந்தத் தரவை வர்ணிக்க மூன்று மணிகள் போதும் என்று அர்த்தம். மூன்று வகை மனிதர்கள் என்று அர்த்தமில்லை. உண்மையான கூட்டம் மணி வடிவமே இல்லாமல் நீண்டு வளைந்து கிடந்தால், ஒரே கூட்டத்தை மூட மூன்று மணிகள் தேவைப்படலாம். நோயாளிகள் எண்ணிக்கையைக் கூட்டினால் மூன்று ஐந்தாகவும் ஆகலாம். சர்க்கரை அளவு போன்றவை ஒரு பக்கம் வால் நீண்டவை, எனவே இங்கே அந்த ஆபத்து அதிகம். மடக்கை (லாக்) எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பாதி தரவு, பாதி நாம். மூன்று என்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல சந்தேகம் ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவளைப் பங்குப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். 0.98, 0.99 என்று இருப்பவர்களை விட்டுவிட்டு, 0.5க்குப் பக்கத்தில் தத்தளிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணட்டும். பிறகு மூன்று கொத்துகளையும் வரிசைப்படுத்தி, யார் யார் எந்த லேபில் ரத்தம் கொடுத்தார்கள், சாப்பிடும் முன்பா பின்பா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.