இரண்டு தவணை தவறிவிட்டது. சீதனக் காணியை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். அரச பாடசாலையில் ஆசிரியை. என் கணவர் நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளைப் புறாமலைக்கு ஏற்றிப் போகும் படகு ஓட்டுகிறார். சீசன் முடிகிற நேரத்தில் விபத்தில் கால் முறிந்துவிட்டது. இன்னும் ஆறு மாதம் கடலுக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீடு கட்ட ஒரு தனியார் வங்கியில் 38 இலட்சம் கடன் எடுத்தோம். 31 இலட்சம் மீதி. வட்டி 12 வீதம், இன்னும் 11 வருடம், மாதத் தவணை 42,400 ரூபாய். இரண்டு தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக 20,000 ரூபாய்தான் மிஞ்சும். கணவருக்குத் தெரிந்த ஒருவர், அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த சாம்பல்தீவுக் காணியைத் தன் பெயருக்கு எழுதித் தந்தால் 5 இலட்சம் தருவதாகச் சொல்கிறார். காசைத் திருப்பினதும் காணியைத் திரும்ப எழுதித் தருவாராம். எழுதிக் கொடுக்கலாமா? வங்கி வீட்டை ஏலம் போட்டுவிடுமா?

பதில்: சகோதரி, காணியை எழுதிக் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அந்த உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டால் அதைத் திருப்புவதற்குத்தான் வழி தேடி அலைய வேண்டிவரும்.

அவர் கேட்பது ஈடு இல்லை. ஈடு வைத்தால் காணி உங்களுடையதாகவே இருக்கும், கடன் மட்டும் அதன்மேல் நிற்கும். அவர் கேட்பது அறுதி உறுதி, அதாவது காணியை முழுதாக விற்றுவிடும் பத்திரம். நொத்தாரிசு முன்னால் ஒப்பமிட்டதும் காணி அவருடையது. அவர் அதை விற்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம். ‘திரும்ப எழுதித் தருவேன்’ என்பது வெறும் வாய்ச்சொல். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. காணியைக் கைமாற்றும் உடன்பாடு நொத்தாரிசு முன்னால் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்கிறது அது. சிலர் உறுதிக்குள்ளேயே ‘ஒரு வருடத்துக்குள் காசைத் தந்தால்’ என்று நிபந்தனை எழுதுவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் அந்த நிபந்தனை உங்களுக்கு உதவாது. காணி உண்மையில் கடனுக்காகத்தான் மாறியது என்று நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காடலாம், வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறுகிற வேலை. என் சின்னம்மா ஒருவர் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார். வாங்கிய காசை வட்டியோடு கொண்டுபோய் நீட்டியபோது, காணி வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அந்த வளவைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

சரி, காசுக்கு என்ன செய்வது? நீங்கள் அரச ஆசிரியை. அரச ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் இடர்கடன் எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால், அல்லது எடுத்துக் கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், நாளைக்கே வலயக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 4.2 வீத வட்டிக்கு இந்த ஊரில் வேறு யாரும் காசு தரமாட்டார்கள். இரண்டரை இலட்சம் எடுத்து ஐந்து வருடத்தில் கழித்தால், சம்பளத்தில் மாதம் 4,600 ரூபாய் அளவில் பிடிபடும். இப்போது கணக்கைப் பாருங்கள். நிலுவையில் இருக்கும் இரண்டு தவணை 84,800. அதைக் கட்டிய பிறகு 1,65,000 ரூபாய் கையில் நிற்கும். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 27,500. உங்களிடம் மிஞ்சும் 20,000இல் இடர்கடன் பிடிப்புப் போக 15,000 இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 42,500. உங்கள் தவணை 42,400. தாமத வட்டியாகச் சிறு தொகை மேலே வரும், அவ்வளவுதான். கணவர் எழுந்து நடமாடும்போது அடுத்த சீசன் தொடங்கும் நேரமாகிவிடும்.

இடர்கடனுக்குப் பிணையாளிகள் வேண்டும், காசு கைக்கு வர நாளெடுக்கும். அதனால் வங்கிக்குப் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தவணை தவறிய நாளிலிருந்து 90 நாள் தாண்டினால் கடனைச் செயற்படாக் கடன் வரிசையில் போடுவார்கள். அதன்பிறகு கிளை முகாமையாளர் விரும்பினாலும் அவர் கையில் அதிகம் இருக்காது. உங்களுக்கு இரண்டு தவணை தவறியிருக்கிறது, இன்னும் சில வாரங்கள்தான். அந்த நாள் வருவதற்குள் ஒரு தவணையாவது கட்டிவிடப் பாருங்கள். தேவையானால் நகையில் ஒரு பகுதியை வங்கி அடகுப் பிரிவிலேயே வைத்து இந்த இடைவெளியை மட்டும் மூடலாம். வாரத் தவணைக்காரர்களிடம் மட்டும் போகவே வேண்டாம்.

வங்கிக்கு வெறும் கையோடு போய் ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று சொன்னால் ‘சீக்கிரம் கட்டுங்கள்’ என்றுதான் பதில் வரும். கடிதமாகக் கொண்டுபோங்கள், தமிழிலேயே எழுதலாம். விபத்து நடந்த திகதி, வைத்தியசாலை அறிக்கை, எத்தனை மாதம் வேலையில்லை, உங்கள் சம்பளப் பட்டியல், மாதம் எவ்வளவு கட்டுவீர்கள், எப்போது முழுத் தவணைக்குத் திரும்புவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள்.

இடர்கடன் கிடைக்காவிட்டால் அந்தக் கடிதத்தில் கேட்கவேண்டியது ‘தவணையை நிறுத்துங்கள்’ என்று இல்லை, ‘ஆறு மாதம் குறைத்துக் கட்ட விடுங்கள்’ என்று. கொரோனா காலத்துச் சலுகையில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் அடிபட்டார்கள். தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. உங்கள் கடனுக்கு ஒரு மாத வட்டி மட்டும் 31,000 ரூபாய். ஆறு மாதம் ஒரு சதமும் கட்டாமல் விட்டு, அந்த வட்டியை முதலோடு சேர்த்தால் 31 இலட்சம் 32 இலட்சத்து 90 ஆயிரமாகும். பிறகு அதே 42,400ஐக் கட்டிக்கொண்டு போனால், 132 தவணையில் முடியவேண்டிய கடன் 150 தவணை வரை இழுக்கும். முடிகிற நாள் இரண்டு வருடம் தள்ளிப்போகும். மாதம் 20,000 கட்டினாலே மீதி 31 இலட்சத்து 68 ஆயிரத்தோடு நிற்கும், தள்ளிப்போவது ஒரு வருடம்தான். ஆகவே குறைத்துக் கட்டுங்கள், நிறுத்தாதீர்கள். விடுபடுகிற வட்டியை முதலோடு சேர்ப்பார்களா, தனியாக வைப்பார்களா, தாமத வட்டியைத் தள்ளுபடி செய்வார்களா, கிறிப் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) என்ன பதிவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். கடனோடு காப்புறுதியும் எடுத்திருப்பீர்கள், அந்தப் பத்திரத்தையும் தேடி எடுங்கள். பெரும்பாலும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் காசு வரும், ஆனாலும் வாசிக்காமல் விடவேண்டாம்.

ஏலம் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு தவணைக்கு வீடு ஏலம் போகாது. நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி ஏலம் போடுகிற பராட்டே அதிகாரம் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எடுத்த கடனின் முதல்தொகை 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது என்று 2011இல் திருத்தம் வந்தது. நீங்கள் எடுத்தது 38 இலட்சம். உங்கள் வங்கி மாவட்ட நீதிமன்றத்தில் ஈட்டு வழக்குப் போடவேண்டும், அதில் உங்கள் பக்கத்தைச் சொல்ல இடமிருக்கிறது. (இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்றவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு, அங்கே கடன் எடுத்தவர்கள் இந்த வரியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இதைச் சொல்வது உங்களைப் பயமில்லாமல் தூங்க வைக்கத்தான், கடிதத்தைத் தள்ளிப்போட இல்லை.

கிளையில் பதிலே இல்லை என்றால் முதலில் வங்கியின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அப்புறம் 1935க்கு அழைத்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் கிடைக்கும். மத்திய வங்கியின் மாகாண அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, நேரிலும் போய்க் கேட்கலாம்.

காணி கேட்டவர் உங்கள் கணவரின் ஆள் என்பதால் மறுப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தன்னால்தான் இந்த நிலை என்று அவர் மனம் புழுங்கிக்கொண்டும் இருப்பார். மேலே இருக்கும் 42,500 கணக்கை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள், வங்கிக் கடிதத்தில் இருவருமே கையெழுத்து வையுங்கள். வங்கி புதிய உடன்படிக்கை ஏதாவது தந்தால் ஒப்பமிடுவதற்கு முன் அதிலுள்ள தொகைகளை எனக்கு எழுதுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.