தரிசாகக் கிடக்கும் நஞ்சையைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றலாமா என்பதை எப்படி மதிப்பிடுவது?

உங்கள் கிராமத்தில் சில ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் நஞ்சை நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்ற அதன் உரிமையாளர் விண்ணப்பித்திருப்பதாகவும், தரிசு என்பதாலேயே அது சாகுபடிக்கு உதவாத நிலமாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வருவாய்த் துறையில் இருந்தபோது இத்தகைய நிலங்களின் கள ஆய்வுகளுக்குச் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். உங்கள் கிராமம் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் இருந்தால் நில உபயோக மாற்றம் என்ற வழியும், வெளியே இருந்தால் அச்சட்டத்தின் 47-ஏ பிரிவும், விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான 2017ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். எந்த வழியானாலும், நிலத்தைப் பற்றிய கேள்விகள் ஒன்றேதான்.

தரிசு என்பது நிலத்தின் குணமா, உரிமையாளரின் முடிவா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதும் பதிவேட்டில், பெரும்பாலும் கடைசிச் சில பசலிகளே (ஜூலை முதல் ஜூன் வரையான வருவாய்க் கணக்கு ஆண்டுகளே) இருக்கும். மனைப்பிரிவு போடும் எண்ணத்தில் வாங்கியவர் அந்த ஆண்டுகளில் பயிரிட்டிருக்க மாட்டார். ஆகவே வில்லங்கச் சான்றில் கிரயப் பத்திரத்தின் தேதியைப் பார்த்து, அதற்கு முந்தைய பத்துப் பசலிகளின் அடங்கல் நகல்களை, தேவையானால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், கேட்டுப் பெறுங்கள். கிரயம் வரை சம்பாவோ தாளடியோ பதிவாகி, அதன்பின் மட்டும் தரிசு என்றிருந்தால், அந்தத் தரிசுக்கு மண் காரணமல்ல. கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் உள்ள நஞ்சை, புஞ்சை என்ற வகைப்பாட்டை மட்டும் நம்பவும் கூடாது. அது பழைய நிலவரித் திட்டத்தின் வழி வந்தது, இன்று கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளையும் புஞ்சைகள் ஏராளம். மண் பரிசோதனையை எளிதில் முடித்துவிடலாம் என்பதால் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். உவர்த்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன், நிறைசெறிவுச் சாற்றில் (மண்ணை நீரால் முழுதும் நனைத்துப் பிரித்தெடுக்கும் நீரில்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்நிலம் என்பது சரிதான். ஆனால் வடிகால் தூர்ந்ததால் உவர் ஏறிய நிலமும் உண்டு; அங்கே குறை மண்ணில் இல்லை, வடிகாலில்தான்.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். விண்ணப்பம் சர்வே எண்ணைப் பற்றியது, ஆனால் தண்ணீர் சர்வே எண் பார்த்துப் பாய்வதில்லை. புறம்போக்காகப் பதிவான வாய்க்கால் புலப்படத்தில், அதாவது சர்வே எண்வாரியான நில அளவை வரைபடத்தில், தெரியும். பட்டா நிலத்தின் வரப்போரமாக வழக்கத்தின் பேரில் ஓடும் வயல் வாய்க்கால் பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் இராது. அந்த நிலத்தைக் கிராவல் கொட்டி உயர்த்தினால், கீழே உள்ள வயல்களுக்குப் பாசனம் அறுபடும், மேலே உள்ள வயல்களில் தண்ணீர் தேங்கும். எனவே மடையிலிருந்து கடைமடை வரை நடந்து, இந்த நிலத்தின் வழியாகத் தண்ணீர் பெறும் அல்லது வடிக்கும் வயல்களின் சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் பார்த்தால் எல்லா நிலமும் மனைக்கு ஏற்றதாகவே தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், ஒரு முறையாவது பார்ப்பது அவசியம்.

டெல்டாவில் இருப்பவர்கள் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மனைப்பிரிவையும் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். எண்ணெய், எரிவாயு அகழ்வு, செம்பு, துத்தநாக உருக்காலை போன்றவற்றைத்தான் அது குறிவைக்கிறது; வீட்டுமனைகளை அன்று.

எல்லா மாற்றத்தையும் எதிர்க்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. மூன்று பக்கமும் வீடுகள் வந்து, ஆயக்கட்டிலிருந்து (பாசனம் பெறும் நிலப்பரப்பிலிருந்து) துண்டிக்கப்பட்டு, அறுவடை இயந்திரம் இறங்கப் பாதையற்றுப்போன துண்டு நிலத்தை விவசாய மண்டலம் என்று காகிதத்தில் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. விண்ணப்பத்தில் உள்ள நிலம் அந்த வகை இல்லையென்றால், ஆட்சேபணை மனுவில் விவசாயத்தின் பெருமையை எழுதாமல், பழைய அடங்கல் நகல்கள், பாதிக்கப்படும் வயல்களின் சர்வே எண்களும் பரப்பும், வாய்க்காலின் போக்கைக் குறித்த புலப்பட நகல், தேதியிட்ட மழைக்காலப் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் வேளாண்மை இணை இயக்குநருக்கும் தனித்தனியே அனுப்பி ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.