மணல் வரி முதல் மான் புள்ளி வரை: தன்னமைவும் இயற்கைத் தேர்வும்

நிலாவெளியில் முழங்காலளவு தண்ணீரில் நின்று பார்த்தால், அடியில் மணல் அளந்து வைத்தாற்போல் வரிவரியாகக் கிடக்கிறது. இதுவும் கூர்ப்பா (பரிணாமமா)?
– வாசகர், நிலாவெளி

இல்லை, இது தன்னமைவு மட்டும்: யாரும் அடுக்காமல் ஒழுங்கு தானே உண்டாவது. அலை மணலை முன்னும் பின்னும் அசைக்கும்போது எங்கோ ஒரு சிறு மேடு தட்டுப்படும். அதன் மறைவில் நீர் சுழன்று, பள்ளத்து மணலைக் கிளப்பி மேட்டில் போடுகிறது. மேடு உயர உயரச் சுழலும் வலுக்கிறது. அடிநீர் ஒரு பக்கம் ஓடி நிற்கும் தூரத்தை அளந்து பாருங்கள். வரிகளுக்கிடையிலான இடைவெளி பெரும்பாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியிருக்கும்.

கூர்ப்பு என்று சொல்ல மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' வரவேண்டும். தன்னைப்போல் பிரதி எடுக்கிறதா? பிரதியில் நேரும் மாற்றம் அடுத்த பிரதிக்கும் போகிறதா? அந்த மாற்றத்தால் ஒன்று பெருகி மற்றது குறைகிறதா (இதுதான் இயற்கைத் தேர்வு)? மணல் வரி முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது.

பதினோராம் தர மாணவருக்குத் தன்னமைவை வகுப்பில் காட்ட எளிய வழி உண்டா?
– ஆசிரியை, கிண்ணியா

உண்டு. 1900இல் பிரான்சின் பௌதிகவியலாளர் ஆன்றி பெனார் செய்ததைச் சமையலறைச் சாமானோடு செய்யலாம். அடி தட்டையான, கனத்த, 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பாத்திரம் எடுங்கள். 95 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் விட்டால் ஆழம் 3 மில்லிமீற்றர் வரும். நன்றாக அரித்த கறுவாத்தூள் ஒரு சிட்டிகை கலக்கி, மிகக் குறைந்த தணலில் வைத்து, கலக்காமல் விடுங்கள். சிறிது நேரத்தில் தேனடை போன்ற அறைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் சூடான எண்ணெய் நடுவில் ஏறி, மேலே பரவி, ஓரத்தில் இறங்கும். அறையின் அகலம் ஆழத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

பிழைக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு சாய்ந்திருந்தால் ஆழமான பக்கத்தில் மட்டும் அறைகள் வரும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் நெருப்புப் படும் இடம் மட்டும் மிகவும் சூடாகி, ஒழுங்கு கெடும். எண்ணெய் ஒரு சென்ரிமீற்றர் இருந்தால் வெறும் குழப்பமான கொந்தளிப்புத்தான். மூடி போட்டால் மேற்பரப்பும் சூடாகி, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். எண்ணெய் புகைய விடவே கூடாது. பிள்ளைகளை எட்ட நிற்க வையுங்கள்.

கடைசியில் அடுப்பை அணைத்துக் காட்டத் தவறாதீர்கள். அறைகள் கலைந்துபோகும், சக்தி பாயும்வரைதான் அந்த ஒழுங்கு. குச்சவெளிப் பக்கத்து உப்பளப் பாத்தியில் விளையும் பளிங்கு அப்படிக் கலையாது. ஒழுங்கு வருவதற்கு இப்படி இரண்டு வழி உண்டு என்பதைப் பாடப்புத்தகம் பல நேரம் தொடுவதில்லை. உயிர்க்கலத்துக்கு இரண்டுமே வேண்டும். அதன் மென்சவ்வு பளிங்கைப்போலத் தானே கூடுகிறது. அனுசேபம், அதாவது கலத்துக்குள் ஓயாது நடக்கும் இரசாயன மாற்றங்கள், எண்ணெய் அறையைப்போல ஓயாத சக்தியில் நிற்கிறது.

கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மான்களின் புள்ளிகள் தன்னமைவா, தேர்வா?
– உயர்தர மாணவி, திருகோணமலை நகரம்

இரண்டும்தான், மகளே. ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

பிரித்தானியக் கணிதவியலாளர் அலன் டூரிங் 1952இல் ஒரு வழியைக் காட்டினார். ஒரு பொருள் தன்னையே பெருக்கிக்கொள்கிறது. கூடவே தன்னைத் தடுக்கும் இன்னொன்றையும் உண்டாக்குகிறது. தடுப்பது வேகமாகப் பரவினால், கிட்டத்தில் பெருக்கமும் எட்டத்தில் தடையும் ஏற்பட்டு, புள்ளியோ வரியோ ஒரே இடைவெளியில் விழும். இது மீனில் நடப்பதை ஜப்பானின் கொண்டோவும் அசாயும் 1995இல் காட்டினார்கள். இந்து சமுத்திரத்துப் பவளப்பாறைகளில் வாழும் ஒரு வகைச் சம்மனசு மீனின் குஞ்சுக்கு 2 சென்ரிமீற்றரில் மூன்று வரிகள். வளர வளர வரிகள் விலகும். 4 சென்ரிமீற்றர் ஆனதும் ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் புது வரி முளைக்கும்! வர்ணம் பூசிய வரி என்றால் உடம்போடு சேர்ந்து அகன்றிருக்க வேண்டும். இங்கே இடைவெளிதான் காக்கப்படுகிறது.

மானில் இவ்வளவு நேரடியாகப் பார்த்ததில்லை என்றாலும் கணக்கு பொருந்துகிறது. மர நிழலில் விழும் வெயிற்பொட்டுகளோடு கலந்து மறைய உதவுவதால் புள்ளி நிலைத்திருக்கிறது: அது தேர்வின் பங்கு. நம் புள்ளிமானுக்கு அது ஆயுள் முழுதும். ஐரோப்பியச் செம்மான் குட்டியில் மட்டும் வைத்திருந்து பிறகு இழக்கிறது. தேர்வு ஒவ்வொரு புள்ளியையும் வரைவதில்லை. பெருக்கம், தடை, பரவல் ஆகியவற்றின் வீதத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. சிறுத்தையின் உடலில் புள்ளி, ஒடுங்கிய வால்நுனியில் வளையம். வரியுடலில் புள்ளிவால் வராது என்பது கணிதவியலாளர் ஜேம்ஸ் மரே காட்டிய முடிவு.

எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) எப்போதும் கூடும் என்கிறார்களே, உயிர் எப்படி ஒழுங்கானது?
– வாசகர், மூதூர்

அந்த விதி சக்தியோ பொருளோ உள்ளே வராத, வெளியே போகாத தனிமைப்பட்ட தொகுதிக்குரியது. பூமி அப்படித் தனிமைப்பட்டதல்ல. சூரியனிலிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் பதிலாக ஏறத்தாழ இருபது பலவீனமான துகள்களைப் பூமி வெளியே விடுகிறது. இங்கே கூடும் ஒழுங்குக்கு ஈடாக அதைவிட அதிக ஒழுங்கின்மை வெளியே போகிறது, கணக்கு அங்கே நேராகிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறு போன்ற இடத்தில் உயிர் தோன்றியிருக்குமா?
– வாசகர், உப்புவெளி

வெந்நீர் ஊற்றுகளை ஆய்வாளர் பலர் முன்வைப்பதற்குக் காரணம் நமக்குப் பழகியதுதான். கடல்நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிகிறது அல்லவா? கல்சியமும் மகனீசியமும் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆதிகாலத்து மென்சவ்வுப் பைகளும் கொழுப்பமிலத்தாலானவை என்றால், கடலில் அவை குலைந்துவிடும். ஊற்றின் நன்னீரில் தாமே கூடும்.

ஆனால் பை கூடுவது உயிராகாது, பிரதி வேண்டும். அமெரிக்க உயிரியலாளர் ஸ்பீகல்மன் குழுவினர் 1967இல் ஒரு வைரசின் ஆர்.என்.ஏ.யை (பரம்பரைத் தகவலைத் தாங்கும் மூலக்கூறை) நொதியோடும் மூலப்பொருளோடும் குழாயில் இட்டு, சிறிதளவை அடுத்த குழாய்க்கு மாற்றி மாற்றி 74 முறை கொண்டுபோனார்கள். சீக்கிரம் பிரதியாவதே வெல்லும் என்பதால் மூலக்கூறு தன் நீளத்தில் 83% ஐ உதிர்த்துவிட்டது. கலம் இல்லை, உயிர் இல்லை, ஆனால் தேர்வு நடந்தது.

இன்றைய கன்னியாவில் புதிதாக உயிர் தோன்றுமா என்றால், இடமில்லை. அதற்கான மூலக்கூறு எதுவும் சேருமுன் அங்குள்ள பற்றீரியாக்கள் தின்றுவிடும். டார்வின் 1871இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இந்தத் தடையைச் சொல்லியிருக்கிறார்.