கால் கட்டைவிரல் வீக்கம்: நீர் எடுப்பதும் ஊசி போடுவதும்

கேள்வி: ராத்திரியோடு ராத்திரியாகக் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாகத்தான் இருக்கிறது. டாக்டரோ மூட்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்கிறார். அவசியமா?

பதில்: கேட்டால் கௌட் (யூரிக் ஆசிட் படிகமாக மூட்டில் படிந்து வரும் வாதம்) மாதிரிதான் இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் இயல்பாகக் காட்டுவது உண்டு. அந்த ரிப்போர்ட்டை நம்பி கௌட் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மூட்டு நீரில் ஊசி வடிவ யூரேட் படிகங்கள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் நான் நீர் எடுக்கச் சொல்வது முக்கியமாக வேறொரு பயத்தால். மூட்டில் கிருமித்தொற்று வந்தாலும் இப்படித்தான் சிவந்து வீங்கும். அது தெரியாமல் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசியை மூட்டில் போட்டால் தொற்று முற்றிவிடும். படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் இருப்பதும் உண்டு. அதனால்தான் கல்ச்சருக்கும் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புகிறோம். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அவ்வளவு சின்ன மூட்டில் நீர் கிடைக்குமா? ரொம்ப வலிக்குமா?

பதில்: படிகம் பார்க்க ஒரு சொட்டு போதும். மரத்துப்போக மருந்து கொடுத்து, விரலை லேசாக இழுத்து, மேல்பக்கமாக மெல்லிய ஊசியைச் செலுத்துவோம். சில சமயம் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே செய்வோம். வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

பதில்: தொற்று இல்லையென்றால் போடலாம். சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். வீட்டிலேயே அடிக்கடி பரிசோதியுங்கள். முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடலாம், ஐஸ் வையுங்கள். அதற்குப் பிறகும் வலியும் சிவப்பும் ஏறிக்கொண்டே போனால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்தவா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் நிறுத்தாமலேயே போடலாம். அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) ரிப்போர்ட்டோடு வாருங்கள்.

கேள்வி: ஊசி போட்டதும் வலி போயே போச்சு. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் ‘அலோபுரினால்’ மாத்திரை இனி எதற்கு?

பதில்: இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது! ஊசி அந்த மூட்டின் அழற்சியை அடக்குமே தவிர, யூரிக் ஆசிட்டைக் குறைக்காது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழேயே இருந்தால்தான் படிகங்கள் கரையும். மாத்திரையைத் தொடருங்கள்.

கேள்வி: எனக்கு கௌட் இல்லை, மூட்டுத் தேய்மானம். மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு கெடலாம். முதலில் அடிப்பகுதி வளையாத, முன்பக்கம் அகலமான செருப்புக்கு மாறிப் பாருங்கள்.