வடகத்தில் பூசணம், மீனுக்கு ஐஸ், பொங்காத மாவு: கடலோரச் சமையலறைக் கேள்விகள்

கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சரியாக வரும் வீட்டுக் குறிப்பு, கடலூரிலும் புதுச்சேரியிலும் அப்படியே வருவதில்லை. இங்கே காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பலவற்றுக்குக் காரணம் அதுதான். அதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டுத் தாளிப்பு வடகம் வெளியே நன்றாகக் காய்ந்ததுபோல் இருக்கிறது. டப்பாவில் போட்டு ஒரு மாதம் ஆனதும் உள்ளே வெள்ளைப் பூசணம். மாமியார் செய்தபோது வருடம் முழுக்கக் கெடாமல் இருந்தது. நான் என்ன தப்பு செய்கிறேன்? (முத்தியால்பேட்டை)

பதில்: உருண்டையின் அளவைச் சொல்லவில்லை, பெரிதாகப் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரிய உருண்டை வெயிலில் மேல் தோல் மட்டும் இறுகிக்கொள்ளும். உள்ளே இருக்கும் வெங்காய ஈரம் வெளியேற வழி இருக்காது. மாமியார் காலத்தில் மொட்டைமாடி முழுக்க வெயில் விழுந்திருக்கும். இப்போது பால்கனியில் மூன்று மணி நேர வெயில்தான் என்றால், அதற்கு ஏற்றபடி செய்முறையை மாற்ற வேண்டும்.

ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு நான் சொல்லும் கணக்கு இது: பூண்டு 150 கிராம், உடைத்த உளுந்து 100 கிராம், கடுகும் சீரகமும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, தேவையான கல் உப்பு. வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஒரு சுற்று, அவ்வளவுதான். விழுதாகிவிட்டால் அந்த நீர் காயவே காயாது. எல்லாவற்றையும் பிசறி ஒரு இரவு மூடி வையுங்கள்.

மறுநாள் காலையில் உடனே உருண்டை பிடிக்காதீர்கள். இங்கேதான் நம் ஊருக்கான மாற்றம். கலவையைப் பிழிந்து, பெரிய தட்டிலோ சுத்தமான பழைய வேட்டியிலோ பரப்பி இரண்டு நாள் உதிரியாகவே காய வையுங்கள். பிழிந்த சாற்றைக் கொட்ட வேண்டாம். சாயங்காலம் அதிலேயே திரும்பப் புரட்டி எடுத்தால் மணம் போகாது. மூன்றாம் நாள், கையில் பிடித்தால் சேர்கிற பதம் வந்ததும் எலுமிச்சையைவிடச் சின்னதாக உருட்டுங்கள். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் வெயில். கடைசி இரண்டு மூன்று நாள் சமையலுக்கான விளக்கெண்ணெயைக் கையில் தொட்டு உருண்டைகளின் மேல் தடவி வாருங்கள். வண்டு அண்டாது.

இன்னொரு விஷயம், மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பிவிடும். வெயில் இருக்கிறதே என்று ஆறு மணி வரை விட்டு வைத்தால், காலையில் காய்ந்ததை ஈரக்காற்று மறுபடி நனைத்துவிடும். நான்கு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் ஆரம்பித்தால் பாதிக் கவலை இல்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு உருண்டையை உடையுங்கள். நடுப்பகுதி மெத்தென்று விரலில் ஒட்டினால் இன்னும் நாள் இருக்கிறது. மொறுமொறுவென்று உதிர வேண்டும். பூசணம் பிடித்த உருண்டைகளைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. சில பூசண நச்சு தாளித்தாலும் போகாது. மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். பிரான்ஸ் நாட்டுச் சமையல்காரர்கள் வரை போய்ச் சேர்ந்த மணம் இது. அடுத்த சித்திரையில் திரும்பச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் காலையில் கானாங்கெளுத்தி வாங்கி, மஞ்சளும் உப்பும் தடவி, பைக்கில் நெய்வேலிக்கு எடுத்து வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் வேலை இருந்தது. மதியம் வறுத்துச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எனக்கும் அப்பாவுக்கும் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு. மீனில் நாற்றமே இல்லை. கூட வைத்த கத்தரிக்காய்தான் காரணம் என்கிறார் பாட்டி. (நெய்வேலி)

பதில்: தம்பி, கத்தரிக்காயை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்கிற அறிகுறியும் நேரமும் வேறொன்றைக் காட்டுகின்றன. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். மீன் பிடிபட்ட பிறகு சூட்டில் கிடந்தால், அதில் இருக்கும் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பிலேயே சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் முகச் சிவப்பு, அரிப்பு, தலைவலி, சிலருக்குப் படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வருகின்றன. ஒரே மீனைச் சாப்பிட்ட இருவருக்கும் சேர்ந்து வந்தது இந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. நாற்றமும் இருக்க வேண்டும் என்பதில்லை. மஞ்சளும் உப்பும் சுவைக்கு நல்லது, ஆனால் வெயிலில் மூன்று மணி நேரம் மீனைக் காக்க அவற்றால் முடியாது. ஐஸ்தான் காக்கும்.

அடுத்த முறை ஒரு பழைய தெர்மாகோல் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு போங்கள். மீனுக்குச் சம எடை உடைத்த ஐஸ், கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. துறைமுகத்திலேயே செவுளையும் குடலையும் எடுக்கச் சொல்லிவிடுங்கள். வாங்கும்போது செவுள் நல்ல சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். மற்ற வேலைகளை முதலில் முடித்துவிட்டு, மீனைக் கடைசியாக வாங்குங்கள்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் ஃபைபர் படகில் வரும் மீன் போக, மேற்குக் கரையிலிருந்தும் லாரியில் மீன் வரும். அப்போது ‘இது எந்த ஊர் மீன், எப்போது வந்தது’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பழகிய மீன்கார அம்மா மறைக்க மாட்டார்.

புதிதாகப் பிடித்த மீன் சாப்பிட்டும் திரும்ப இப்படி வந்தால் அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ உதடு, தொண்டை வீக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: மார்கழியில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. சோடா உப்பு போடலாமா? (வில்லியனூர்)

பதில்: வேண்டாம். மாவுக்குத் தேவை சூடு. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவை மாற்றாதீர்கள். ஆட்டும்போது கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரைச் சேருங்கள். கையால் கலந்து, மாவுப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அகலமான பாத்திரத்துக்குள் வைத்து, மேலே ஒரு கனமான துண்டைப் போர்த்தி விடுங்கள். உப்பு நொதித்தலை மெதுவாக்கும். குளிர் நாளில் பாதி உப்பை மட்டும் முதலில் போட்டு, மீதியை மாவு எழும்பிய பிறகு போடலாம். 12 முதல் 14 மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்கு ஆட்டிவிட்டுக் காலை ஆறு மணிக்கு இட்லி ஊற்ற நினைத்தால் கல்லாகத்தான் வரும், மாலை ஐந்துக்கே ஆட்டிவிடுங்கள்.

சித்திரையில் இதற்கு நேர் எதிர்: ஐஸ் தண்ணீரில் ஆட்டி, முழு உப்பையும் முதலிலேயே போட்டு, பொங்கியதும் பிரிட்ஜுக்குள்.

கேள்வி: உப்பு ஜாடியில் தண்ணீர் கோக்கிறது. (தேவனாம்பட்டினம்)

பதில்: கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது இயற்கை. கல் உப்பை வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்து, ஆறியதும் பீங்கான் ஜாடியில் போடுங்கள். தூள் உப்பு என்றால் அடியில் ஒரு ஸ்பூன் அரிசியைப் போட்டு வையுங்கள், ஈரத்தை இழுக்கும். ஈரக் கையை மட்டும் உள்ளே விடக்கூடாது.

கேள்வி: பண்ருட்டி பலாப்பழம் முழுசாக வாங்கி வந்தோம். கத்தியிலும் கையிலும் பிசின் ஒட்டி ஒரு நாள் முழுக்கப் போகவில்லை. கொட்டையை எத்தனை நாள் வைக்கலாம்? (லாஸ்பேட்டை)

பதில்: பலாப்பிசின் தண்ணீரில் கரையாது, எண்ணெய்க்குத்தான் மசியும். அறுக்கும் முன்பே கை, கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றிலும் தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். தரையில் பழைய செய்தித்தாள் விரியுங்கள். நடுத்தண்டை வெட்டி எடுத்ததும் ஊறும் பாலைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டே இருந்தால் பாதிப் பிசின் அங்கேயே போய்விடும். ஒட்டிவிட்டால் எண்ணெய் நனைத்த துணியால் தேய்த்து, அப்புறம் சோப்பு. முதலில் சோப்புப் போட்டால் இன்னும் இழுக்கும்.

கொட்டையைக் கழுவி, நிழலில் ஒரு நாள் ஈரம் போக உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் சில வாரம் தாங்கும். மண் தொட்டிக்கு இடம் இல்லாதவர்கள் முக்கால் வேக்காடு வேகவைத்து, தோல் உரித்து, டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். அந்தக் கொட்டையோடு கத்தரிக்காயும் ஒரு துண்டு மாங்காயும் சேர்த்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வையுங்கள். புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், மாங்காய் பார்த்துக்கொள்ளும். கொட்டை குழம்பை உறிஞ்சி உள்ளே மாவாக உடையும் பாருங்கள், அதற்காகவே பழம் வாங்கலாம்.

கேள்வி: போர் தண்ணீரால் குழாய், பக்கெட் எல்லாம் வெள்ளை உப்புக் கறை. ஆசிட் ஊற்றி, போகாததால் மேலே பிளீச்சிங் பவுடரும் தூவினேன். கண் எரிந்து இருமல் வந்துவிட்டது. (அரியாங்குப்பம்)

பதில்: நல்லவேளை, அதோடு போயிற்று. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது ஆபத்து. இரண்டையும் எப்போதும், எந்த அளவிலும் கலக்காதீர்கள். எப்போதாவது கலந்துவிட்டால் எதையும் துடைக்க நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். காற்று முழுக்க மாறும் வரை உள்ளே போகக்கூடாது.

உப்புக் கறைக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே போதும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தேயுங்கள். பக்கெட்டுக்கும் அதே தண்ணீர்தான். மொசைக், மார்பிள் தரையில் மட்டும் இதுவோ புளியோ படக்கூடாது, பளபளப்பை அரித்துவிடும்.

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்தாலே பயம். பிரிட்ஜில் இருப்பதை என்ன செய்வது, எதைத் தயாராக வைப்பது? (கடலூர் முதுநகர்)

பதில்: 2011 டிசம்பர் 30 தானே புயலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. எச்சரிக்கை வந்ததுமே, மின்சாரம் இருக்கும்போதே ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள். மின்சாரம் போனபின் கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜின் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைய அடுக்கிய ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை, பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரை தாங்கும். ‘கெட்டுப் போயிருக்குமோ’ என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் சீக்கிரம் கெடுக்கும்.

முதல் நாளே பால், மீன், கறியைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். அரைத்த தேங்காயையும் வைத்திருக்காதீர்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், வெல்லம், வறுத்த வேர்க்கடலை இருந்தால் அடுப்பே இல்லாமல் ஒரு நாளைத் தள்ளலாம். அவலைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால் அரிசி, பருப்பு மூட்டைகளை முதலில் பரணுக்கு ஏற்றுங்கள். வெள்ளத்தில் நனைந்த தானியத்தைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிட வேண்டாம். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியை இறைத்துக் கழுவிக் குளோரின் போட்ட பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அதுவரை குடிப்பதற்குக் கொதிக்கக் கொதிக்க ஒரு நிமிடமாவது காய்ச்சிய தண்ணீர்.

சிலிண்டரின் ரெகுலேட்டரை இரவு மூடிவிட்டுப் படுங்கள். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கசிவு அவசரத்துக்கான எண் அது, செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாத மளிகை வாங்கினால் ரவையில் இருபது நாளில் வண்டு. வறுத்து வைத்தால் உப்புமா ருசியாக இல்லை என்கிறார் வீட்டுக்காரர். (நெல்லிக்குப்பம்)

பதில்: அப்படியானால் வறுக்க வேண்டாம். வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரிக்காமல் நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பாக்கெட் முழுவதும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக் கட்டிவிடும். அப்புறம் இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்கலாம். அரிசியில் வண்டு வந்தால் மட்டும் கடும் வெயிலில் போடாதீர்கள், சோறு நொய்யாகிவிடும். நிழலில் பரப்பி வைத்தால் அவையே ஊர்ந்து போய்விடும், புடைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.