மனைவியின் குழந்தையைத் தத்தெடுப்பது எப்படி?

கேள்வி: விவாகரத்தான பெண்ணைச் சென்ற ஆண்டு மணந்தேன். அவருடைய 7 வயது மகளைச் சட்டப்படி என் மகளாக்க வேண்டும். பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பத்திரத்தை நம்பிப் பாஸ்போர்ட், வாரிசுரிமை என்று வரும்போது மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, கணவனும் மனைவியும் சேர்ந்து மத்திய அரசின் தத்தெடுப்புக்கான 'கேரிங்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் போகும். உத்தரவு பிறப்பிப்பவர் அவர்தான். 2022 செப்டம்பருக்கு முன்பு இது நீதிமன்றத்தின் வேலை. மணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற பொது விதி உங்களுக்குப் பொருந்தாது. தத்தெடுப்பவருக்கான வயது வரம்பும் அப்படித்தான்.

சிக்கல் வருவது பெற்ற தந்தையின் சம்மதத்தில்தான். குழந்தை தாயின் பொறுப்பில் என்று விவாகரத்துத் தீர்ப்பு சொன்னாலும் தந்தையின் உரிமை போய்விடாது. உரிய படிவத்தில் அவர் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். பொறுப்புரிமை வழக்கு நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை தத்து நடைமுறையைத் தொடங்கவே முடியாது. எனவே முதலில் தந்தையின் கையெழுத்தைப் பேசி முடியுங்கள். ஐந்து வயது கடந்ததால் உங்கள் மகளின் சம்மதமும் வேண்டும்.

விண்ணப்பத்தை ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் முடித்துவைக்க வேண்டும் என்கிறது சட்டம். உத்தரவு கிடைத்ததும் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரைத் தந்தையாகப் பதிந்து வாங்குங்கள். பள்ளி, ஆதார் திருத்தமெல்லாம் அதன் பிறகுதான்.